சிட்டையும் பேரேடும் ஒரே வீட்டில்

காரைக்குடிப் பக்கம் கோவிலூரில் என் சித்தப்பா வீட்டுக் கணினி எழுந்து உட்காரவே 4 நிமிடம் ஆகும். பொத்தானை அமுக்கிவிட்டு முகப்புக்குப் போய்ப் பேப்பர் படிப்பார். தலையங்கம் முடிகிற நேரத்துக்குத் திரை தெளிந்திருக்கும். பிறகு ஸ்கேன் செய்த படங்கள் கிடக்கும் ஃபோல்டரைத் திறந்தால், அந்தக் குட்டிப் படங்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டி முடிப்பதற்குள் விளையாட்டுப் பக்கத்தையும் படித்துவிடலாம்.

"புதுசா ஒண்ணு வாங்கிரலாமாப்பா?" என்று போனில் கேட்டார்.

"வேண்டாம் சித்தப்பா. சின்னதா ஒரு சாமான் வாங்கிட்டு வர்றேன், அது போதும்."

அந்தச் சாமான் 256 ஜிபி எஸ்எஸ்டி. சீட்டுக்கட்டைவிட மெலிசு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. கணினிக்குள் ஏற்கெனவே இருந்த 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கோ செங்கல் மாதிரி கனக்கும். சிறிசு வேகமானது, பெரிசு மந்தமானது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்து, எதற்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பதற்குத்தான் போனேன். ஸ்குரூடிரைவர் வேலை பத்து நிமிடம், மற்றது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் யோசித்ததையும், ஒரு மாதம் கழித்து என் கவனக்குறைவால் பட்ட அடியையும் இங்கே எழுதுகிறேன்.

வேலை என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வளவை ஒட்டிய உள்ளறையில் 3 தகரப் பெட்டிகள். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், கடைப் பேரேடுகள், கல்யாணச் சாமான் பட்டியல்கள், இரண்டு கட்டு ஓலைச்சுவடி. சுவடிகள் கோவிலூர் மடத்தில் பாடம் கேட்ட முன்னோர் ஒருவருடையவை என்று வீட்டில் சொல்வார்கள். முத்துராமலிங்க ஞான தேசிகர் தொடங்கிய அந்த மடம் வேதாந்தத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்த இடம், ஆகவே நம்பலாம். ஓய்வுபெற்ற பிறகு சித்தப்பா இதையெல்லாம் தாள் தாளாக ஸ்கேனரில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால் 4,960 புள்ளி அகலம், 7,016 புள்ளி உயரம். புள்ளிக்கு 3 பைட். பெருக்கிப் பாருங்கள்: சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கம் 104 எம்பி. 4 டெராபைட்டில் இப்படி 38,000 பக்கம் கொள்ளும். 256 ஜிபியில் 2,450 மட்டுமே. மூலப் படங்களுக்கு ஹார்ட் டிஸ்க்தான் இடம் என்பதில் யோசிக்க எதுவுமில்லை. யோசனை மற்றவற்றைப் பற்றித்தான்.

ஹார்ட் டிஸ்க்கை மந்தம் என்றேன். அது பாதிதான் உண்மை. உள்ளே பளபளவென்று தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. கிராமபோன் முள்ளைப் போன்ற ஒரு கை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து படிக்கிறது. வேண்டிய தடத்துக்குக் கை நகர ஏறக்குறைய 8 மில்லி விநாடி. அந்த இடம் சுற்றிக்கொண்டு கையின் அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி விநாடி. மொத்தம் 12. கேட்க அற்பமாக இருக்கும். அந்த நேரத்தில் ஒளி 3,600 கிலோமீட்டர் போய்விடும். கன்னியாகுமரியில் கிளம்பினால் இமயத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் கை ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. தொடர்ச்சியாக வாசிக்கும்போது விநாடிக்கு 150 முதல் 200 எம்பி வரை கொட்டும். 104 எம்பிப் பக்கம் ஒன்று முக்கால் விநாடிக்குள் வந்துவிடுகிறது. ஸ்கேனர் அதே பக்கத்தை இழுக்க முக்கால் நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதாவது சித்தப்பா வேலை செய்யும்போது பெரும்பாலான நேரம் ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கிறது. அது கிளம்பத்தான் நேரமாகும்; கிளம்பிவிட்டால் ஓடும்.

இடையில் ஒன்று. அந்தத் தட்டு பெரும்பாலும் அலுமினியம். அதன்மேல் மின்சாரமே செலுத்தாமல், வேதிக் கரைசலில் முக்கியெடுத்து நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு ஏற்றுகிறார்கள். அதைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய பிறகுதான் காந்தப் படலம். இந்தப் பூச்சு முறையை அமெரிக்காவில் ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெல்லும் 1946-ல் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1948 ஜூலை 25-ல், உலோகப் பூச்சும் மின்வேதியியலும் ஆராய ஒரு நிறுவனத்துக்குக் காரைக்குடியில் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை ஊரில் 'செக்ரி' என்றால்தான் தெரியும். கோவிலூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செக்ரி ஞாபகம் வந்துவிடுகிறது.

எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவுமில்லை. 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம். சிலிக்கனில் நுண்ணிய குழிகளில் எலக்ட்ரான்களைச் சிறைவைக்கும் ஏற்பாடு. எந்த மூலையில் எது இருந்தாலும் எடுத்துவர ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி. ஹார்ட் டிஸ்க்கைவிட 120 மடங்கு விரைவு.

மில்லி விநாடி என்றால் மனசில் நிற்காது. சித்தப்பாவுக்கு இப்படிச் சொன்னேன். கணினியின் ரேம் நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி. அதை 1 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்; சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிற நேரம். அந்தக் கணக்கில் எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 1,000 விநாடி, அதாவது 17 நிமிடம். தெருமுனைக் கடைக்கு நடந்துபோய்ப் பேனா வாங்கிவருகிற நேரம். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முறை கை நகர்ந்து எடுக்க 33 மணி நேரம். ராத்திரி 9 மணிக்குச் சென்னைக்கு ரயிலேறி, பகல் முழுவதும் வேலை பார்த்து, அன்றிரவே திரும்ப ஏறி, விடியற்காலை 6 மணிக்கு வீட்டுத் திண்ணையில் உட்காருகிற நேரம்.

"அப்போ ரோஜா முத்தையா லைப்ரரிக்குப் போய்ட்டு வர்ற மாதிரி" என்றார் சித்தப்பா. சரியான உவமை. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாக ஒரு லட்சம் உருப்படிக்குப் பக்கமாகச் சேர்த்தார். நூல்கள், பத்திரிகைகள், நோட்டீசுகள், அழைப்பிதழ்கள். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. கோட்டையூர்க்காரர் சேர்த்ததைப் பார்க்கக் கோட்டையூர்க்காரரே சென்னைக்கு ரயிலேற வேண்டும். ஆனால் போனால் ஒரே மூச்சில் நாள் முழுக்கப் படித்துவிட்டு வரலாம். ஒற்றை வரியைச் சரிபார்க்க ஒரு தரம், இன்னொரு வரிக்கு இன்னொரு தரம் என்று போனால்தான் பைத்தியக்காரத்தனம்.

ஹார்ட் டிஸ்க்கை வைத்துச் சித்தப்பாவின் கணினி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அப்போது 6,000 பக்கம் ஸ்கேன் ஆகியிருந்தது. ஃபோல்டரைத் திறந்ததும் 6,000 குட்டிப் படங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயரைத் தேட ஒரு தாவல், படத்தை எடுக்க ஒரு தாவல். 12,000 தாவல், தாவலுக்கு 12 மில்லி விநாடி: 2 நிமிடம் 24 விநாடி. அதே தாவல்கள் எஸ்எஸ்டியில் 1.2 விநாடி. கணினி எழும்போதும் இதுதான் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகளைத் தேடித் தேடி எடுக்கிறது. இதனால்தான் விநாடிக்கு 7,000 எம்பி என்று விளம்பரம் செய்யும் புதுவகை எஸ்எஸ்டியை நான் வாங்கவில்லை. பழைய கணினியில் அதைச் செருக இடமும் இல்லை என்பது வேறு விஷயம். இருந்திருந்தாலும் சித்தப்பாவின் வேலைக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. இங்கே நோய் தாவலில் இருக்கிறது, கொட்டும் வேகத்தில் இல்லை.

ஆக, பொடியாய், அடிக்கடி, அங்குமிங்குமாய்க் கேட்கப்படுபவை எஸ்எஸ்டிக்கு. பெரிதாய், எப்போதாவது, தொடர்ச்சியாய்க் கேட்கப்படுபவை ஹார்ட் டிஸ்க்குக்கு. ஏதோ இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்ச்சியும் கென் தாம்ஸனும் 1974-ல் யூனிக்ஸ் இயங்குதளம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. அவர்களுடைய பிடிபி-11 கணினியில் ஒரு தட்டுக்குத் தடத்துக்கொரு படிக்கும் தலை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது; கை நகரவே தேவையில்லை. வேகம் அதிகம், கொள்ளளவு வெறும் 1 எம்பி. கை நகரும் வகைத் தட்டுகளும் இருந்தன. அவற்றில் பெரியது 40 எம்பி, மந்தம். கோப்பு மரத்தின் வேரை வேகத் தட்டில் வைத்தார்கள்; பயனர்களின் கோப்புகளைப் பெரிய தட்டில் வைத்து, கணினி எழும்போது அதைக் கிளையாக ஒட்டவைத்தார்கள். சித்தப்பா வீட்டில் நான் செய்ததும் அட்சரம் பிசகாமல் அதேதான். எம்பி என்பது டெராபைட் ஆகியிருக்கிறது.

'ஒட்டவைப்பது' என்றேனே, அதைத்தான் மவுண்ட் செய்வது என்கிறார்கள். விண்டோஸில் சி, டி என்று தட்டுக்கொரு எழுத்து, தனித்தனி வீடு மாதிரி. யூனிக்ஸிலும் அதன் வழிவந்த லினக்ஸிலும் வீடு ஒன்றே ஒன்றுதான். முகப்பிலிருந்து நடக்கிறீர்கள், பட்டாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. நடுவில் ஒரு கதவைத் திறந்து உள்ளே போகிறீர்கள். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து மனையில் கட்டிய வேறு கட்டடம். நடப்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் அறைகளை வகுத்து, எது எந்த அறையில் என்று கணக்கு வைத்திருப்பதுதான் ஃபைல் சிஸ்டம். கதவுதான் மவுண்ட் செய்யும் இடம். வெறும் காலி ஃபோல்டர் ஒன்றைக் கதவாக்குகிறோம். அந்தக் காலி ஃபோல்டர் என்னைப் பின்னால் ஒரு பாடு படுத்தியது, வருகிறேன்.

ஒரே தட்டைப் பல துண்டாக்குவதற்குப் பெயர் பார்ட்டிஷன். அந்தச் சொல்லைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்தார். செட்டிநாட்டில் அந்த வார்த்தைக்குக் கோர்ட், வக்கீல், குடும்பப் புள்ளிக்கு எத்தனை பங்கு என்று வேறு அர்த்தம். கணினியிலும் சுவர் வைத்துவிட்டால் வம்புதான். ஒரு பங்கு நிரம்பி வழியும், அடுத்த பங்கு காலியாகக் கிடக்கும், சுவரை நகர்த்துவது லேசில்லை. ஆகையால் நான் அதிகம் துண்டு போடவில்லை. எஸ்எஸ்டியில் கணினி எழுவதற்கான சிறு பகுதி போக மிச்சமெல்லாம் ஒன்று. ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒன்று.

எஸ்எஸ்டிக்குப் போனவை: லினக்ஸ், மென்பொருள்கள், குட்டிப் படங்கள், எந்தப் பெட்டியில் எந்தக் கடிதம் என்று சொல்லும் அட்டவணைக் கோப்பு, அன்றன்று ஸ்கேன் செய்து இன்னும் வெட்டிச் சீர்செய்யாத பக்கங்கள். சீராக்கி முடிந்ததும் பக்கங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குக் குடிபோகும். எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. தேய்வது உண்மை, ஒரு குழியை அழித்தெழுத எண்ணிக்கை வரம்பு உண்டு. நான் வாங்கியதன் அட்டையில் 150 டெராபைட் எழுதலாம் என்று போட்டிருந்தது. சித்தப்பா நாளுக்கு 100 பக்கம் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை திருத்திச் சேமித்தால்கூட 30 ஜிபிக்குச் சற்று மேல். 150 டெராபைட் தீர 13 வருடம் ஆகும். பயப்பட வேண்டிய கணக்கில்லை. ஆனால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. காலி இடம் குறைந்தால் எஸ்எஸ்டி தனக்குள்ளேயே இடம்மாற்றி மாளாது, வேகம் விழும். ஐந்தில் ஒரு பங்கைச் சும்மா விட்டேன். வாரம் ஒருமுறை, அழித்த இடங்கள் இவை இவை என்று லினக்ஸ் அதற்குத் தெரிவிக்கிறது. டிரிம் என்று பெயர்.

ஹார்ட் டிஸ்க்கில் எக்ஸ்ட்-4 என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டேன். 2008 டிசம்பரில் நிலையான வடிவம் பெற்றது. பழகிய மாடு, உதைக்காது. அதில் ஒரு பழைய வழக்கம் மட்டும் உண்டு: மொத்த இடத்தில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கிவைத்துவிடும். தட்டு சிறிதாக இருந்த காலத்துக்கு அது நியாயம். 4 டெராபைட்டில் 5 சதவீதம் 200 ஜிபி, 1,900 பக்கம். படங்கள் மட்டும் இருக்கும் தட்டுக்கு அது வேண்டாம். ஒரே கட்டளையில் 1 சதவீதமாக்கினேன்.

திரையில் பார்த்தால் 4 டெராபைட்டுக்குப் பதில் 3.6 என்று காட்டியது. "கடைக்காரன் படியைக் குறைச்சுட்டானா?" என்றார் சித்தப்பா. இல்லை. விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், சில மென்பொருள்கள் 1,024 ஆகப் பெருக்குகின்றன. ஊருக்கு ஒரு படி இருந்த காலத்துச் சங்கதிதான்.

இனி சிட்டைக்கு வருவோம். பழைய வட்டிக்கடைகளில் நடந்ததை நடந்த கணமே சிட்டையில் குறித்துவிடுவார்கள். சாவகாசமாக அதை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றுகிற நேரத்தில் இடையூறு வந்து பாதியில் நின்றுபோனாலும் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்றைய ஃபைல் சிஸ்டங்கள் பெரும்பாலும் இதையேதான் செய்கின்றன. எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்ற மாற்றத்தை முதலில் ஜர்னல் என்ற சிட்டையில் எழுதி, பிறகு உரிய இடத்தில் ஏற்றுகின்றன. எக்ஸ்ட்-4 வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை சிட்டையை முடிக்கிறது. நடுவில் கரண்ட் போனால், திரும்ப எழும்போது சிட்டையைப் புரட்டிச் சரிசெய்துகொள்ளும். கடைசியாக எழுதிய சில விநாடி வேலை போகலாம், வீடு இடியாது. சிட்டை இல்லாத பழைய முறைகளில், கரண்ட் போய் வந்தால் தட்டு முழுவதையும் அறை அறையாகச் சோதிக்க வேண்டியிருந்தது. இன்றைய 4 டெராபைட்டுக்கு அப்படிச் செய்தால் பொழுது போய்விடும்.

இங்கே ஓர் ஆசை வந்தது. எக்ஸ்ட்-4-ல் சிட்டையை மட்டும் வேறு தட்டில் வைக்க வழியுண்டு. ஹார்ட் டிஸ்க்கின் சிட்டையைக் கொண்டுபோய் எஸ்எஸ்டியில் வைத்தால், குறிப்பதற்குக் கை அங்குமிங்கும் தாவ வேண்டாம். இன்னும் ஒரு படி மேலே போய், எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க்கின் அஞ்சறைப் பெட்டியாகவே ஆக்கிவிடலாம். எது அடிக்கடி கேட்கப்படுகிறதோ அதை லினக்ஸே பார்த்து எஸ்எஸ்டியில் எடுத்துவைத்துக்கொள்ளும். இதற்கான ஏற்பாடுகள் 2013-ல் லினக்ஸுக்குள் வந்துவிட்டன. ஆப்பிள் 2012-லேயே இரண்டையும் ஒன்றாக்கி ஃபியூஷன் டிரைவ் என்று விற்றது. பயனருக்கு ஒரே பெரிய, வேகமான தட்டாகத் தெரியும். எதை எங்கே வைப்பது என்ற தலைவலியே இல்லை.

நான் இரண்டையும் செய்யவில்லை. சிட்டை ஒரு வீட்டிலும் பேரேடு இன்னொரு வீட்டிலும் இருந்து, சிட்டை இருந்த வீடு எரிந்துபோனால் பேரேட்டைப் பாதி நம்பலாம், பாதி நம்ப முடியாது. அஞ்சறைப் பெட்டி ஏற்பாட்டிலும், வேகத்துக்காக எழுதுவதை முதலில் எஸ்எஸ்டியில் மட்டும் வாங்கிக்கொண்டு பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுகிற முறை ஒன்று உண்டு. தள்ளுவதற்குள் எஸ்எஸ்டி செத்தால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது ஓட்டை விழுந்த கணக்கு. எஸ்எஸ்டி சாகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி கடகடவென்று முன்னறிவிப்பெல்லாம் கொடுப்பதில்லை. பல நேரம் ஒருநாள் காலை கணினிக்கு அது கண்ணிலேயே தெரியாது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும் சர்வர்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவை. அங்கே எல்லாவற்றையும் இரட்டை இரட்டையாக வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. தகரப் பெட்டியைக் காப்பாற்றக் கிளம்பிய வீட்டுக் கணினிக்கு நான் வைத்த ஒரே நிபந்தனை, இரண்டு தட்டில் எது செத்தாலும் மற்றது எவர் கணினியில் செருகினாலும் தனியாகப் படிக்கக் கிடைக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தேன், வருத்தமில்லை.

நகலுக்கு என்று வெளியே செருகும் 4 டெராபைட் தட்டு ஒன்றும் வாங்கியிருந்தோம். விலை மலிவு. மலிவுக்குக் காரணம் உண்டு. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி எழுதி இடத்தை மிச்சம்பிடிக்கும் வகை அது. நம் வீடுகளில் நாட்டு ஓடு வேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் விளிம்பை இன்னொன்று மூடிக்கொண்டு அடுக்கடுக்காக. புதிதாய் வேய்வது சுலபம். நடுவில் ஒரு ஓடு உடைந்து அதை மாற்றப்போனால் மேலே உள்ளதையெல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். இந்தத் தட்டிலும் நடுவில் ஓரிடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையெல்லாம் எடுத்துத் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் வேகம் ஆமையாகிவிடும். ஒருமுறை எழுதிவிட்டுத் தொடாமல் வைக்கும் நகலுக்கு அது போதும். அன்றாட வேலைக்கு வாங்காதீர்கள். கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இந்த நகல் தட்டுதான் என்னைக் கவிழ்த்தது. ராத்திரி 2 மணிக்கு, அன்று புதிதாகச் சேர்ந்த பக்கங்களை மட்டும் வெளித்தட்டுக்கு நகலெடுக்கும்படி ஆர்சிங்க் என்ற நிரலை அமர்த்திவிட்டு ஊர் திரும்பினேன். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் காலை சித்தப்பாவிடமிருந்து போன்: "திரை வருது, பாஸ்வேர்டு போட்டா திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிக்குது." போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டி ஒரு பைட்கூட மிச்சமில்லாமல் நிரம்பியிருந்தது.

நடந்தது இது. வீடு கூட்டும்போது வெளித்தட்டின் கேபிள் கழன்றிருக்கிறது. கதவு இருக்கிறது, கதவுக்குப் பின்னால் கட்டடம் இல்லை. கட்டடம் இல்லாதபோது கதவு என்பது எஸ்எஸ்டியிலேயே இருக்கும் சாதாரணக் காலி ஃபோல்டர். ஆர்சிங்க் அதைத் திறந்து பார்த்தது, காலி. அட, இதுவரை எதுவுமே நகலெடுக்கவில்லை போல என்று நினைத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து அத்தனையையும் அங்கேயே கொட்டத் தொடங்கியது. எஸ்எஸ்டியில் காலியாக இருந்தது 170 ஜிபி. விநாடிக்கு 150 எம்பி வீதம் 19 நிமிடத்தில் நிரம்பிவிடும். 2.20-க்கெல்லாம் காரியம் முடிந்திருக்கும். அதன்பிறகு கணினியால் தனக்கென்று ஒரு வரி எழுதக்கூட இடமில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. விஷயம் புரிவதற்கு முன்பே நான் கேபிளைச் செருகி, கணினியை அணைத்துப் போட்டேன். இப்போது கதவுக்குப் பின்னால் கட்டடம் வந்துவிட்டது. உள்ளே போனால் பழைய நகல்கள் அத்தனையும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் எஸ்எஸ்டி இன்னும் நிரம்பித்தான் கிடக்கிறது. எங்கே தேடினாலும் அந்த 170 ஜிபியைக் காணோம். ஒரு மணி நேரம் மூளை குழம்பித் திரிந்தேன். கொட்டியதெல்லாம் கதவுக்கு அடியில், பழைய காலி ஃபோல்டரில் கிடக்கிறது. மேலே வேறொரு கட்டடத்தை மவுண்ட் செய்துவிட்டதால் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. வெளித்தட்டைக் கழற்றியதும் குப்பை வெளியே தெரிந்தது. அழித்தேன்.

தவறு கணினியுடையதும் அல்ல, கூட்டியவருடையதும் அல்ல, என்னுடையது. பிறகு மூன்று காரியம் செய்தேன். தட்டுகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று செருகும் வரிசைக்கேற்ப மாறக்கூடிய பெயர்களால் அழைப்பதை விட்டு, ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் பிறக்கும்போதே வாய்க்கும் யூயூஐடி என்ற நீண்ட எண்ணால் எழுதிவைத்தேன். நகலெடுக்கும் முன் கதவுக்குப் பின்னால் உண்மையிலேயே தட்டு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நின்றுவிடும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். வெளித்தட்டு இல்லாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டரில் எவரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினேன். இந்தக் கடைசிப் பூட்டை மட்டும் முதல் நாளே போட்டிருந்தால் எனக்கு ஒரு பஸ் செலவு மிச்சம்.

இப்போது கணினி 20 விநாடியில் எழுகிறது. 9,000 பக்கம் ஆகியிருக்கிறது, 0.94 டெராபைட். எக்ஸ்ட்-4 படங்களின் உள்ளடக்கம் கெட்டதா என்று அறியச் சரிபார்ப்பு எண் போட்டுவைப்பதில்லை. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் வைக்கின்றன. ஆனால் ஒற்றைத் தட்டில் அவை கெட்டுப்போனதைச் சொல்லும், பெரும்பாலும் திருத்தித் தராது. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியல் கோப்பில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, பழுதென்றால் நகலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெளித்தட்டு கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தால் இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். அதனால் இரண்டு வெளித்தட்டு வைத்துக்கொண்டு, ஒன்று எப்போதும் தேவகோட்டையில் அத்தை வீட்டு பீரோவில். மாதம் ஒருமுறை சித்தப்பா பஸ்ஸில் கொண்டுபோய் மாற்றிவருகிறார். பீரோவுக்கு எஸ்எஸ்டி ஆகாது: எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு நினைவு வைத்திருந்தால் போதும் என்பதுதான் வீட்டுக் கணினிகளுக்கான தர அளவு. சித்திரையில் நம்மூர் பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கும்? பஸ்ஸையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் 0.94 டெராபைட் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 350 எம்பி. சித்தப்பா வீட்டு இணையத்தில் அதே சுமையை ஏற்றி அனுப்ப 42 மணி நேரம்.

உங்கள் வீட்டு உள்ளறையிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை விடுங்கள், வெளித்தட்டை வாங்குங்கள். கணினி எழுகிறவரை 4 நிமிடம் பேப்பர் படித்தால் போகிறது.